அந்தி வானத்தில் பனைமர நிழலுரு: முதல்முறை படமெடுக்கப் போகிறவர்களுக்கு

இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் மனத்துக்குப் பிடித்த ஒரே ஒரு நிழலுருப் படம், அதாவது வெளிச்சமான வானத்துக்கு எதிரே மரம் வெறும் கறுப்பு உருவமாகத் தெரியும் படம், எடுக்க எனக்கு ஏழு மாலைகள் தேவைப்பட்டன. முதல் ஐந்தில் ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் நேரம் தப்பியது. ஒரு நாள் திசை தப்பியது. ஒரு நாள் தோப்புக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு நாள் என் போனே மரத்தை வெளிச்சமாக்கிக் கெடுத்தது. ஒரு நாள் மேகம். மதுரையிலிருந்து பைக்கில் போய்வர ஒவ்வொரு முறையும் பெட்ரோலுக்கு மட்டும் ஐந்நூறு ரூபாய்.

இந்த ஐந்தில் கருவி சம்பந்தப்பட்ட தவறு ஒன்றுதான். மேகத்தைத் தவிர மற்றவை எல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சரிசெய்திருக்கக் கூடியவை. நம் தெற்கத்தி மாவட்டங்களில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். அங்கே போய் யோசிக்க நேரம் இருக்காது. அதனால் கேமராவைப் பற்றிய பகுதியைப் பின்னால் வைத்து, எங்கே நிற்பது, எப்போது நிற்பது, யாரிடம் கேட்பது என்பதை முதலில் சொல்கிறேன். பனையை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஆலமரமோ வேம்போ குடைவேலமோ, கணக்கு ஒன்றுதான்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல்முறை என்றால் பிப்ரவரி போங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், கண்மாய்களில் தண்ணீர் மிச்சம் இருக்கும், தரை காய்ந்து நடக்கத் தோதாக இருக்கும். தண்ணீர் இருந்தால் மரத்தின் பிம்பமும் சேர்ந்து கிடைக்கும்.

மார்ச்சிலிருந்து ஜூன் வரை பதநீர்க் காலம். மரங்களில் ஆள் நடமாட்டம் இருக்கும், வானத்தில் தூசி கூடும். தூசி கெட்டது என்று நினைக்க வேண்டாம். சூரியன் சிவந்து, கண்ணைக் குத்தாத வட்டமாக இறங்குவது அந்த மாதங்களில்தான் அதிகம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்று ஓயாது. ஓலை அசைந்துகொண்டே இருக்கும், ஓரங்கள் கூர்மையாக வராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சூதாட்டம்தான். மழை விட்ட மாலையில் கிடைக்கும் வண்ணம் வேறெப்போதும் கிடைக்காது, ஆனால் பத்து நாள் போனால் இரண்டு நாள் வானம் திறக்கும். உள்ளூரில் இருப்பவர்கள் அப்போது முயலலாம். நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிறவர்கள் வேண்டாம்.

2. மரத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்

நிழலுருவில் மரத்துக்கு நிறம் கிடையாது, பட்டை கிடையாது, ஆழம் கிடையாது. வெளிக்கோடு ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே மரத்தைப் பார்க்கும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கோட்டை மட்டும் பாருங்கள்.

காவோலை கழிக்காத பனையில் காய்ந்த ஓலைகள் தாடி மாதிரி தண்டைச் சுற்றித் தொங்கும். பகலில் அழகாக இருக்கும், அந்தியில் பெரிய கறுப்பு மூட்டையாகிவிடும். காவோலை கழித்த மரத்தில் ஒவ்வொரு மட்டையும் தனியாகத் தெரியும், விசிறியின் நுனிகள் விரல் விரலாக வானத்தில் பிரியும். எனக்கு இதுதான் பிடிக்கும். பருவப் பனையில், அதாவது பெண் பனையில், காய்க்குலைகள் கழுத்தடியில் உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அலகுப் பனையில், அதாவது ஆண் பனையில், பாளைகள் விரல்களைப் போல நீண்டிருக்கும். கொண்டை போய்விட்ட மொட்டைப் பனையை ஒதுக்கிவிடாதீர்கள். கிளிகள் பொந்துக்குத் திரும்பும் நேரம் உங்கள் நேரமும்தான்.

தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும் மரம் கிடைத்தால் மற்றதை விட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். ஆறாவது மாலை அப்படி ஒரு மரம் எனக்குக் கிடைத்தது. ஒரே ஓலையின் நுனியில் நான்கு கூடுகள். காற்றில் நான்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அதில் ஒன்று மட்டும் பாதி கட்டி விட்டது, அடியில் இரண்டு வாசல் மாதிரித் திறந்திருந்தது. கண்ணால் பார்த்தபோது அது தெரியவில்லை. பின்னால் சிவப்பு வானம் வந்த பிறகு அந்த இரண்டு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரிந்தது.

ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வானம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு கொண்டைகள் ஒட்டிக்கொண்டால் படத்தில் அது ஒரே பொதியாகத்தான் வரும். இரண்டு அடி இடமோ வலமோ நகர்ந்தாலே பெரும்பாலும் பிரிந்துவிடும். பின்னால் மின்கம்பி, செல்போன் கோபுரம், காற்றாலை இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். வெயிலில் கண்ணில் படாத கம்பி அந்தியில் மைக்கோடு போட்டதுபோலத் தெரியும்.

3. எங்கே நிற்பது

இரண்டு விஷயம்: உயரம், தூரம்.

உயரம் எளிது. மரம் முழுவதும் வானத்துக்கு எதிரே இருக்க வேண்டும். நீங்கள் கண்மாய்க் கரைமேலே நின்றால் தண்டின் கீழ்ப்பாதி பின்னாலிருக்கும் வயல், புதர், சீமைக்கருவேலத்துக்குள் கரைந்துபோகும். கரையை விட்டு இறங்கி, உள்வாயிலோ கீழ் வயலிலோ நின்று, கரைமேல் இருக்கும் மரங்களை அண்ணாந்து பாருங்கள். வேர் முதல் கொண்டை வரை வானம் கிடைக்கும். முட்டி போட்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

தூரம்தான் பலருக்குப் பிடிபடாதது. கொண்டைக்குப் பின்னால் சூரியன் அதே அளவு பெரிதாக இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மரத்தடியில் நின்று பயனில்லை. சூரிய வட்டம் வானத்தில் அரை டிகிரிதான். ஒரு பொருள் அதே அளவு தெரிய வேண்டுமென்றால் அதன் அகலத்தைப்போல ஏறத்தாழ 110 மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். பனங்கொண்டை நாலரை, ஐந்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 500 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். அரைக் கிலோமீட்டர் திறந்த வெளி வேண்டும் என்று பொருள். அதனால்தான் பெரிய கண்மாயின் கிழக்குக் கரையும் வற்றிய கண்மாயின் உள்வாயும் தோதான இடங்கள். போன் வரைபடத்தில் மரத்தை அழுத்தி, நிற்கும் இடம்வரை தூரம் அளந்து பாருங்கள். கண்மதிப்பை நம்பாதீர்கள், நான் 500 என்று நினைத்தது 280 ஆக இருந்தது.

இனி திசை. சூரியன் நேர் மேற்கே மறைவது ஆண்டில் இரண்டு நாள், மார்ச்சிலும் செப்டம்பரிலும். ஜூனில் வடக்கே 24 டிகிரி வரை தள்ளும், டிசம்பரில் தெற்கே அதே அளவு. ஜனவரி நடுவில் நான் பார்த்து வைத்த இடத்துக்கு மார்ச் நடுவில் போய் நின்றேன். சூரியன் மரத்திலிருந்து வலப்பக்கம் விலகி நின்றது. கையை நீட்டி ஒரு சாண் விரித்துப் பார்த்தால் சரியாக அந்தத் தூரம். அதைச் சரிக்கட்ட நான் தெற்கே 170 மீட்டர் போயிருக்க வேண்டும். அங்கே சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது.

மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் மறையும் இடம் ஒரு நாளைக்கு 0.4 டிகிரி நகரும். 500 மீட்டரில் அது மூன்றரை மீட்டர். நேற்று நின்ற இடத்தில் இன்று நின்றால் கொண்டையின் ஓரத்தில்தான் சூரியன் இருக்கும். ஜூன், டிசம்பர் கடைசி வாரங்களில் இந்த நகர்வு கிட்டத்தட்ட நின்றுவிடும், அடுத்தடுத்து நான்கைந்து நாள் அதே இடத்தில் முயலலாம்.

இதை மனக்கணக்காகப் போட வேண்டாம். சன்கால்க் என்ற இலவச இணையதளத்தில் ஊரையும் தேதியையும் கொடுத்தால் மறையும் திசையை வரைபடத்திலேயே கோடாகக் காட்டும். போட்டோபில்ஸ் போன்ற காசு கொடுத்து வாங்கும் செயலிகள் இன்னும் வசதி, ஆனால் தொடக்கத்தில் தேவையில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: போனில் இருக்கும் திசைகாட்டி பைக்குக்குப் பக்கத்தில் தப்பாகக் காட்டும். வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி வந்து பாருங்கள், அல்லது வரைபடத்தில் தெரியும் கோவில், தண்ணீர்த்தொட்டி எதையாவது குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மேற்கே மலை நிற்கிறது. செயலி காட்டும் நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலையுச்சி அடிவானத்திலிருந்து 2 டிகிரி உயரம் என்றால் 8 நிமிடம் முன்னதாக. இராமநாதபுரம், தூத்துக்குடி சமவெளியில் இந்தத் தொல்லை இல்லை.

4. அனுமதியும் தாள்களும்

பனங்காடு பொட்டல்காடு போலத் தெரியும், யாருக்கும் சொந்தமில்லை என்று தோன்றும். அப்படி அல்ல. நிலம் பெரும்பாலும் பட்டா நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவராகவும் பனையேறக் குத்தகை எடுத்தவர் இன்னொருவராகவும் இருக்கலாம். பகலில் இடம் பார்க்கப் போகும்போதே டீக்கடையில் விசாரித்து இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லாமல் போன நாளில், முக்காலியை விரித்ததும் ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, எந்தச் சூளைக்காரன் அனுப்புனான்?" என்றார். எனக்குப் புரியவில்லை. செங்கல் சூளைக்குப் பனையை வெட்டிக்கொண்டு போகிற தரகர்கள் இப்படித்தான் முதலில் வந்து மரங்களைப் படம் எடுத்துக்கொண்டு போவார்களாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை என்றார். அவருக்குக் கோபம் வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, மரத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர் அவர். மறுவாரம் போனபோது நான் எடுத்திருந்த படங்களைக் காட்டி, "அண்ணாச்சி, அந்தியில மரத்தை எடுக்கத்தான் வந்தேன்" என்றேன். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று காட்டியவரே அவர்தான்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ். இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பையும் முக்காலியுமாக வரும்போது சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். கேமரா பில்லைப் போனில் படமாக வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

சில இடங்களில் ஊர்க்காரர் அனுமதி போதாது. தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காட்டில் குதிரைமொழிப் பகுதி காப்புக்காடு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். இங்கெல்லாம் வனத்துறையைக் கேட்க வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்கு அலுவலக நேரத்தில் போய், பெயர், தேதி, இடம், எடுத்துவரும் கருவி, சொந்த விருப்பத்துக்கா தொழிலுக்கா என்பதை எழுதி, அடையாள அட்டை நகலோடு கொடுங்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். அன்றைக்கே மாலை போய்விடலாம் என்ற நினைப்பில் வராதீர்கள். கட்டணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சரணாலயத்தில் பொழுது சாய்ந்தபின் இருக்க விடமாட்டார்கள், எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ரயில் தண்டவாளத்தில் நின்று எடுக்கவே வேண்டாம். இரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு, அதைவிட உயிர் பெரிது. உச்சிப்புளி கடற்படைத் தளம், கூடங்குளம் போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் நிழலுருவுக்கு ட்ரோன் உதவாது. மேலே போகப் போக மரத்துக்குப் பின்னால் தரைதான் வரும், வானம் வராது.

5. கருவியும் செலவும்

போன் இருந்தால் தொடங்கலாம். பெரிய சூரியன் வேண்டுமென்றால் மட்டும் நீள லென்ஸ் தேவை. நான் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை அதோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு 18,000 ரூபாய்க்கு வாங்கினேன், 55-250 மி.மீ. நீள லென்ஸ் ஒன்றைக் கைமாறி 7,000 ரூபாய்க்கு. அந்த லென்ஸை 250-இல் வைத்து 500 மீட்டரிலிருந்து எடுத்தால், 20 மீட்டர் பனை படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும், சூரியன் ஆறில் ஒரு பங்கை நெருங்கும். இதற்கு மேல் விலை கொடுக்க இந்த வேலைக்குத் தேவை இல்லை.

முக்காலிக்கு 1,500 ரூபாய் வரை போனது. அதைவிட மலிவானது காற்றில் ஆடும், நடுவில் பையைத் தொங்கவிட்டாலும் ஆடும். நெற்றியில் மாட்டும் டார்ச் 300 ரூபாய். கணுக்கால் மூடும் ஷூ. அவ்வளவுதான். சூரியனுக்கென்று விற்கும் வண்ண ஃபில்டர்களை வாங்க வேண்டாம், அந்தி வண்ணத்தை அவை ஒரே ஆரஞ்சுச் சாயமாக்கிவிடும்.

6. நேரக் கணக்கு

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். கையை நீட்டி அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைக் கிடையாக வைத்தால், ஒரு விரலுக்குப் பதினைந்து நிமிடம் என்று எங்கோ படித்திருந்தேன். இரண்டு விரல் இருந்தது, அரை மணி நேரம் இருக்கிறது என்று டீ குடிக்கப் போனேன். திரும்பியபோது சூரியன் இல்லை. அந்தக் கணக்கு சூரியன் சாய்ந்து சறுக்கி இறங்கும் வடக்கத்தி நாடுகளுக்கு ஆனது. நம் பக்கத்தில் அது கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது, நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. ஒரு விரலுக்கு ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடியில் சூரியன் மறைவது நவம்பர் நடுவில் 5:52-ஐ ஒட்டி, பிப்ரவரி நடுவில் 6:25, ஜூலைத் தொடக்கத்தில் 6:40. மறைந்தபின் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான்.

அதோடு, செயலி காட்டும் மறையும் நேரம் சூரியன் தரையைத் தொட்டு மறையும் நேரம். உங்கள் சூரியன் கொண்டைக்குப் பின்னால் இருக்க வேண்டும். 500 மீட்டரில் 20 மீட்டர் மரத்தின் உச்சி அடிவானத்திலிருந்து 2.3 டிகிரி உயரத்தில் இருக்கும். அதாவது சூரியன் அங்கே வருவது மறைவதற்கு 9 நிமிடம் முன்னால். அது கொண்டையைக் கடக்க ஓரிரு நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களுக்காகத்தான் இவ்வளவும்.

இறங்கும்போது சூரியன் சற்று வலப்பக்கம் சாய்ந்தே இறங்கும். இருபது நிமிடத்துக்கு முன் மரத்துக்கு நேர் மேலே இருந்தால், கடைசியில் ஒன்றரைச் சூரிய வட்டம் வலப்பக்கம் விலகியிருக்கும். எனவே தொடக்கத்தில் அது மரத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக இருப்பதுபோல நில்லுங்கள்.

6:25-க்கு மறையும் நாள் என்றால் என் கணக்கு இப்படி: 4:45-க்கு இடத்தில் இருப்பேன். 5:30-க்குள் முக்காலி நின்றுவிடும், மின்கம்பி, கொண்டை இடைவெளி எல்லாம் ஒரு சோதனைப் படத்தில் பார்த்துவிடுவேன். 6:05-லிருந்து இடத்தை விட்டு நகரமாட்டேன், அடி அடியாக இடம்வலம் தள்ளுவதோடு சரி. 6:16-ஐ ஒட்டிக் கொண்டையில் சூரியன். 6:25-க்கு மறைவு. அப்புறம் ஐந்தாறு நிமிடம் வானம் வெளிறிப்போகும், எல்லாம் முடிந்தது போலத் தோன்றும். பலரும் அப்போதுதான் பையை மூடுகிறார்கள். மூடாதீர்கள். மேலே மெல்லிய கீற்று மேகம் இருந்தால் 6:35-லிருந்து 6:42-க்குள் அடியிலிருந்து சிவப்பு ஏறும். என் ஏழு மாலைகளில் கிடைத்த நல்ல படம் 6:38-க்கு எடுத்தது, அதில் சூரியனே இல்லை.

7. போனில் எடுப்பவர்களுக்கு

போனின் முதன்மை லென்ஸில் சூரியன் படத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்குதான் வரும். ஜூம் செய்தால் பிசிறடிக்கும். ஆகவே போன்காரர்கள் சூரியனை மறந்துவிட்டு, அது மறைந்தபின் வரும் வண்ணத்தை எடுங்கள். 500 மீட்டரும் வேண்டாம், 40 மீட்டர் தள்ளி நின்று போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் மரம் முழுசாக அடங்கும், மேலே வானமும் கிடைக்கும்.

போன் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. மரம் கறுப்பாக இருப்பதைத் தவறென்று நினைத்து அதை வெளிச்சமாக்கும். மரம் சாம்பலும் பழுப்புமாக, வானம் வெளிறி வரும். எச்டிஆர், நைட் மோடு, காட்சியைத் தானே சீராக்கும் வசதி, மூன்றையும் அணையுங்கள். பிறகு வானத்தின் பிரகாசமான பகுதியில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சின்னச் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், மரம் மைபோலக் கறுக்கும்வரை. புரோ மோடு இருந்தால் அதில் எடுப்பது இன்னும் நம்பிக்கை. லென்ஸைச் சட்டைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், விரல் கறை ஒளியை இழுத்துக் கோடு போடும்.

8. கேமராவில் எடுப்பவர்களுக்கு

முதலில் கண். ஆப்டிகல் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துளை) வழியாக, அதுவும் நீள லென்ஸ் மாட்டி, சூரியனைப் பார்க்கவே கூடாது. பார்வை போய்விடும். திரையில் பார்த்தே எடுங்கள். சூரியன் உயரத்தில் கூசிக்கொண்டிருக்கும்போது லென்ஸை அதன் மேல் திருப்பி வைக்காதீர்கள், சென்சாருக்கும் ஆகாது. மூடியைப் போட்டு வைத்துக் கடைசியில் திறங்கள்.

ரா கோப்பாக, அதாவது கேமரா தானாகத் திருத்தாமல் சேமிக்கும் கோப்பாக, எடுங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் அது ஆரஞ்சு நிறத்தைக் குறையென்று நினைத்துக் கழித்துவிடும், டேலைட்டில் வையுங்கள். வெளிச்சத்தை மரத்தில் அளக்கக் கூடாது, சூரியனிலும் அளக்கக் கூடாது. சூரியனுக்குப் பக்கத்தில், அதிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கும் வானத்தில் அளந்து, அங்கிருந்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள்.

தொடங்க: சூரியன் படத்தில் இருக்கும்போது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/2000 நொடி. தூசியைப் பொறுத்து இது மிகவும் மாறும். மறைந்து பத்து நிமிடம் ஆனபின் ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, 1/125. காற்று இருந்தால் 1/125-க்குக் கீழே போகாதீர்கள், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஓலை நுனி கலங்கிய படத்தை எதுவும் மீட்காது. ஹிஸ்டோகிராமில் (படத்தில் இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) இடப்பக்கச் சுவரில் குன்று குவிந்திருக்கும். அது மரம், இருக்கட்டும். வலப்பக்கச் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும், சூரிய வட்டம் மட்டும் தொட்டால் பரவாயில்லை.

ஃபோகஸைத் தண்டின் ஓரத்தில், கறுப்பும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டில் வையுங்கள். பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இருட்ட இருட்ட ஆட்டோ ஃபோகஸ் தேட ஆரம்பிக்கும், அதற்குள் சிவப்பு போய்விடும்.

9. மரத்தில் ஆள் இருந்தால்

பதநீர்க் காலத்தில் மாலையிலும் பாளை சீவ ஏறுவார்கள். கொண்டைக்குள் ஒருவர் உட்கார்ந்து, இடுப்பில் அரிவாள் பெட்டியும் கலயமுமாக வானத்தில் தெரிவதைவிடச் சிறந்த நிழலுரு எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஏறும் முன்பே தரையில் வைத்துக் கேளுங்கள். மரத்தில் இருப்பவரைக் கூப்பிடவோ, "இந்தப் பக்கம் திரும்புங்க அண்ணாச்சி" என்று சொல்லவோ கூடாது. கையில் கூர் அரிவாள், பிடிமானம் காலில். கவனம் ஒரு நொடி சிதறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஃபிளாஷ் போடவே கூடாது. அடியில் நிற்கவும் வேண்டாம்.

அவர் இறங்கிவந்து பதநீர் கொடுத்தால் குடியுங்கள், காசும் கொடுங்கள். வாங்க மறுத்தால் வீட்டில் கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

10. இருட்டியபின் வெளியே வருவது

உள்ளே போன பாதையிலேயே திரும்புங்கள். குறுக்குவழி தேடாதீர்கள், காட்டுக்குள் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் உண்டு. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இரவில் நடமாடுபவை. தரையில் கிடக்கும் காவோலைக் குவியலை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். கருக்கு மட்டை ரம்பம்போல அறுக்கும். டார்ச்சைக் காலடியில் அடித்தபடி நடங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியாகப் போவதென்றால் எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவருக்கு இருப்பிடம் அனுப்பிவிட்டுப் போங்கள்.

11. வீட்டுக்கு வந்ததும்

அன்றிரவு எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். களைப்பில் நல்லதையும் சேர்த்து அழித்துவிடுவோம். மறுநாள் ஸ்னாப்சீடிலோ லைட்ரூமிலோ திறந்து, முதலில் கறுப்பை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். நிழல் பகுதியை உயர்த்தும் பக்கமே போகாதீர்கள். வண்ணத்தைக் கூட்டும் ஆசை வரும். கூட்டினால் வானத்தில் படிக்கட்டு மாதிரி பட்டைகள் தெரியும். வெறும் வானத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை பறவைகள் அல்ல, சென்சார் தூசி. ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் உறுதி.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: கலர் கரெக்‌ஷன் வேண்டாம், இருப்பதை இருப்பதுபோல அடியுங்கள் என்று. நான் சொல்லாமல் கொடுத்ததில் அங்கிருந்த மென்பொருள் மரம் இருட்டாக இருக்கிறதென்று தானே ஏற்றிவிட்டது. பதினைந்து பிரிண்டிலும் பனை பழுப்பாக வந்தது. பெரியவருக்கும் அவர் காட்டிய, கூடு இருந்த மரத்தின் படம் ஒன்று போக வேண்டியிருந்ததால், திரும்பவும் காசு கொடுத்து மேட் தாளில் போட்டு வாங்கினேன். மேட் தாளில் கறுப்பு சற்று அடங்கித்தான் இருக்கும், ஆனால் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கூசாது. அவர் வீட்டுத் திண்ணைச் சுவருக்கு அதுதான் சரியாக இருந்தது.